பேய் வீட்டுக்குப் பக்கத்தில் சிரிப்பு மேடை: தீம் பார்க் ஹாலோவீன் காமெடி ஷோக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு இது?

அமெரிக்கத் தீம் பார்க்குகள் ஹாலோவீன் காலத்தில், பகல் கூட்டம் போன பிறகு தனி டிக்கெட் போட்டு நடத்தும் இரவு நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். கலிஃபோர்னியாவில் இருக்கும் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973-இல் மூன்று இரவுகள் நடத்திப் பார்த்தது. அதுதான் இன்றைய நாட்ஸ் ஸ்கேரி ஃபார்ம். ஃப்ளோரிடாவில் யூனிவர்சல் ஆர்லாண்டோ 1991-இல், அதுவும் மூன்றே இரவுகள், ஒரே ஒரு பேய் வீட்டை வைத்துத் தொடங்கியது. மறு வருடம் அதற்கு ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2024-இல் அதே நிகழ்ச்சி 10 பேய் வீடுகளோடு 48 இரவுகள் நடந்தது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை போகிறது. ஹாலோவீன் என்னவோ அக்டோபர் 31 ஒரு நாள்தான்!

இங்கே மூன்று வகைச் சரக்கு உண்டு. வரிசையில் நின்று உள்ளே நடந்து போகும் பேய் வீடுகள். பாதையிலேயே வேஷம் கட்டியவர்கள் வந்து மறிக்கும் ஸ்கேர் ஜோன்கள். மூன்றாவது, உட்கார்ந்து பார்க்கும் மேடை ஷோக்கள். சண்டை இந்த மூன்றாவதைப் பற்றி: பயமுறுத்தும் இரவில் காமெடி ஷோவுக்கு இடம் உண்டா என்பது.

பயமுறுத்துவதாகச் சொல்லிக் காசு வாங்கிவிட்டுச் சிரிக்க வைப்பது ஏமாற்று இல்லையா?

இல்லை. என் கட்சி இதுதான்: காமெடி ஷோ இந்த இரவுகளில் இருக்க வேண்டும். ஆனால் அதற்கென்று தனி மேடை, தனி நேரம், தனி வேலை இருக்க வேண்டும். பேய் வீட்டுக்குள் அரைகுறையாகத் தூவக் கூடாது.

பயத்தையும் சிரிப்பையும் ஒரே டிக்கெட்டில் விற்பது தீம் பார்க் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. பாரிஸில் பிகால் பகுதியில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் 1897-இல் கிரான் கின்யோல் என்ற சின்ன அரங்கு திறந்தது. கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது, பைத்தியக்கார விடுதியில் நடக்கும் கொலை என்று மேடை முழுக்க ரத்தமாக ஓடும் நாடகங்களுக்குப் பேர் போன இடம். ஆனால் ஓர் இரவு முழுக்க ரத்தமே ஓடாது. ஒரே மாலையில் பல குறுநாடகங்கள் போடுவார்கள். ஒரு கொடூரம் முடிந்தால் அடுத்தது படுக்கையறைக் கேலிக்கூத்து. அது முடிந்து ஜனங்கள் சிரித்து ஓயும்போது அடுத்த கொடூரம். இந்த மாறி மாறி அடிப்பதை அவர்கள் யோசித்துத்தான் செய்தார்கள். அரங்கு 1962 வரை ஓடியது, அதாவது அறுபது வருஷத்துக்கு மேல். ரத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் பத்து வருஷம் தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சிரித்துவிட்டுப் போனால் அடுத்த பேய் வீட்டில் பயம் வராதே?

நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆராய்ச்சி உதவுகிறது.

டால்ஃப் சில்மன் என்ற உளவியல் ஆய்வாளர் 1970-களில் ஒன்றைக் காட்டினார். ஓர் உணர்ச்சியால் ஏறிய படபடப்பு உடனே இறங்காது. மிச்சம் இருக்கும் படபடப்பு, அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்துகொண்டு அதைப் பெரிதாக்கும். ரம்பத்தை வைத்துத் துரத்திய ஆள் திரும்பிப் போனதும் கூட்டம் வெடித்துச் சிரிக்கிறதே, அதை இப்படிப் பார்த்தால் புரியும். பேய் வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சுமாரான ஜோக்கும் நல்ல ஜோக்காகத் தெரியும். எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சலுகை, சில வருடங்களில் அதைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

டென்மார்க்கின் வெய்லே ஊரில் இருக்கும் ஒரு பேய் வீட்டில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 110 பேருக்கு இதயத் துடிப்பு மானி மாட்டி உள்ளே அனுப்பினார்கள். முடிவு 2020-இல் வெளியானது. பயம் ரொம்பக் குறைவாக இருந்தாலும் ரசிக்கவில்லை, ரொம்ப அதிகமானாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் அளவில்தான் ரசனை உச்சத்தில் இருந்தது. அந்த ஆய்வு காமெடியைப் பற்றிப் பேசவில்லை, சரி. ஆனால் ஒரே இரவில் எட்டு, பத்து பேய் வீடு பார்க்கிறவருக்கு இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம்: அந்த நடு அளவில் நம்மை வைத்திருக்க ஏதோ ஒன்று வேண்டும். தொடர்ந்து கத்திக்கொண்டே இருந்தால் ஐந்தாவது வீட்டில் மரத்துப் போய்விடும். எந்தத் திரைக்குப் பின்னால் ஆள் நிற்கிறார் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டாகிவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடம் வேறு மாதிரி உட்கார்ந்து எழுந்தால் ஆறாவது வீடு மறுபடியும் முதல் வீடு போல் வேலை செய்கிறது.

எல்லோரும் ஏக்கமாகச் சொல்லும் ‘பில் அண்ட் டெட்’ ஷோ என்ன?

1989-இல் வந்த ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படத்தில் பில், டெட் என்று இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள். ராக் இசைப் பைத்தியங்கள், படிப்பு சுத்தமாக ஏறாது. ஒரு டெலிபோன் பூத்தில் ஏறிக் காலத்தைக் கடந்து போய் வருவார்கள். யூனிவர்சல் ஆர்லாண்டோ 1992-இல் அந்த இரண்டு பேரையும் மேடை ஏற்றியது. பெயர் ‘பில் அண்ட் டெட்ஸ் எக்ஸலண்ட் ஹாலோவீன் அட்வெஞ்சர்’. படத்து நடிகர்கள் இல்லை, வேறு மேடை நடிகர்கள்.

கதை வருடா வருடம் பெரும்பாலும் ஒன்றேதான். யாரோ ஒரு வில்லன் டெலிபோன் பூத்தைக் கைப்பற்றப் பார்ப்பான், பையன்கள் தடுப்பார்கள். ஆனால் அந்த ஒற்றைக் கயிற்றில் அந்தந்த வருடத்து ஊர்வம்பு அத்தனையும் தொங்கும். ஊத்திக்கொண்ட பெரிய பட்ஜெட் படம், சூப்பர் ஹீரோக்கள், விவாகரத்து செய்த பாடகி, தேர்தலில் நிற்பவர்கள், டிவி ரியாலிட்டி ஷோக்காரர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து அடி வாங்கிக்கொண்டு போவார்கள். நடுநடுவே ஹிட் பாட்டுக்கு நடனம், உயரத்திலிருந்து விழும் ஸ்டண்ட், வாணவேடிக்கை. பக்கத்துத் தீம் பார்க்கையும் விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், யூனிவர்சலின் சொந்த ரைடுகளையும் சொந்த நிர்வாகத்தையுமே மேடையில் நக்கலடிப்பார்கள். சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் வளாகத்துக்குள்ளேயே நின்று கம்பெனியைக் கிண்டல் செய்ய முடிந்த ஷோ வேறு எந்தத் தீம் பார்க்கிலும் சுலபத்தில் கிடைக்காது.

இதில் பேயே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் ஹாலோவீன் என்பதே வேஷம் போட்டுக்கொண்டு மற்ற நாட்களில் செய்யக் கூடாததைச் செய்யும் இரவு. பெரிய மனிதர்களின் முகமூடியைப் போட்டுக்கொண்டு அவர்களையே கேலி செய்வது அந்த இரவுக்குப் பொருந்தாது என்றால் வேறு எந்த இரவுக்குப் பொருந்தும்?

அவ்வளவு நல்ல ஷோ என்றால் ஏன் நின்றது?

இரண்டு ஊர், இரண்டு கதை. சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யூனிவர்சலின் ஹாலிவுட் பூங்காவிலும் இதே பெயரில் ஷோ நடந்தது, ஆனால் ஸ்கிரிப்ட் தனி. 2013-இல் அதில் சூப்பர்மேன் பாத்திரத்தை வைத்துத் தன்பால் ஈர்ப்பாளர்களைக் கொச்சையாகக் கேலி செய்த பகுதிக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அக்டோபர் மாதம், சீசன் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். பெரிய இடத்தைக் கிண்டல் செய்வதற்கென்று இருக்கும் மேடையில், ஏற்கெனவே தெருவில் கிண்டல் வாங்குகிறவர்களை மறுபடி இழுத்துவைத்துச் சிரித்தால் அதில் துணிச்சல் எங்கே இருக்கிறது? பழைய ஜோக், சோம்பேறி ஜோக். நீக்க வேண்டியது அந்தப் பகுதியை. ஷோவையே மூடியது நிர்வாகத்துக்குச் சுலபமான வழி.

ஆர்லாண்டோ ஷோ அதற்குப் பிறகும் நான்கு வருடம் ஓடி, 2017-இல் இதுவே கடைசி என்று முன்கூட்டியே அறிவித்து முடிந்தது. அரங்கு நிரம்பிக்கொண்டிருந்த காலத்தில் முடித்தார்கள். என் ஊகம்: அதன் பலமே அதற்கு எமன் ஆனது. ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுத வேண்டும். செப்டம்பரில் எழுதிய ஜோக் அக்டோபரில் பழசாகிவிடும், அல்லது கேலி செய்த ஆள் திடீரென்று இறந்துபோவார். இதற்கிடையில் பேய் வீடுகளுக்குப் படக் கம்பெனிகள், டிவி தொடர்களின் உரிமை வாங்குவது பெருகிவிட்டது. ஒரு பக்கம் ஒரு தொடரின் பெயரில் வீடு கட்டிக்கொண்டு மறு பக்கம் அதையே மேடையில் கிழிப்பது வியாபாரத்துக்குத் தர்மசங்கடம்.

அதற்குப் பதிலாக இப்போது என்ன வைத்திருக்கிறார்கள்?

நடனம். ஆர்லாண்டோவில் 2016-இலிருந்து 2019 வரை ‘அகாடமி ஆஃப் வில்லன்ஸ்’ குழு ஆடியது. 2021-இலிருந்து ‘நைட்மேர் ஃபியூல்’ என்ற பெயரில் நெருப்பு, அந்தரத்தில் தொங்கும் வித்தை, மாயாஜாலம், கனமான இசை எல்லாம் சேர்ந்த ஷோ வருகிறது. ஹாலிவுட்டில் முகமூடி போட்டு ஆடும் ‘ஜாபவாக்கீஸ்’ குழு பல வருடம் வந்தது.

திறமையில் குறை சொல்ல முடியாது. நைட்மேர் ஃபியூலில் நெருப்பை வைத்து அவர்கள் செய்வது பிரமாதம். ஆனால் கவனித்துப் பாருங்கள், மூன்றிலுமே பேச்சுக்குப் பெரிதாக இடம் கிடையாது. பேச்சு இல்லாவிட்டால் யாரையும் புண்படுத்தாது, சீசன் முழுக்கத் திருத்தி எழுத வேண்டாம், எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கும் புரியும். நிர்வாகத்துக்கு நிம்மதி. எனக்கு இழப்பு. ஏனென்றால் உறுமல், அலறல், இசை, புகை என்று ஏற்கெனவே பத்து வீட்டில் பார்த்ததையே மேடையிலும் உட்கார்ந்து பார்க்கிறோம். இரவுக்கு வேறு ருசி கிடைப்பதில்லை.

நாட்ஸில் எப்படி?

அங்கே காமெடி நிகழ்ச்சியின் ரத்தத்திலேயே ஊறியது. எல்விரா என்ற கறுப்பு உடைப் பேய்க்கதைத் தொகுப்பாளினியை அமெரிக்கர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கஸாண்ட்ரா பீட்டர்சன் என்ற நடிகை 1981-இல் லாஸ் ஏஞ்சலஸ் உள்ளூர் டிவியில் தொடங்கிய வேஷம். மட்டமான பேய்ப்படங்களுக்கு நடுவே வந்து இரட்டை அர்த்த ஜோக் அடிப்பார். 1980-களிலிருந்து 2001 வரை பல சீசன்களில் நாட்ஸின் பெரிய ஷோ அவருடையதுதான். 2014-இல் திரும்பி வந்து 2017-இல் விடைபெற்றார்.

இன்னொன்று ‘தி ஹேங்கிங்’. கலிகோ என்ற கௌபாய் ஊர்ச் செட்டின் சதுக்கத்தில் தூக்குமேடை. அந்த வருடத்தில் ஊரை எரிச்சல்படுத்திய பிரபலங்கள், அரசியல்வாதிகள், படப் பாத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து கேலிக்கு ஆளாவார்கள். கடைசியில் ஒருவருக்குத் தூக்கு. பில் அண்ட் டெட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம், ஆனால் இன்னும் முரட்டு அண்ணன். தூக்கு என்ற காட்சியை அமெரிக்க வரலாறு தெரிந்த எல்லோராலும் சிரித்துக்கொண்டே பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பின மக்களைக் கும்பல்கள் மரத்தில் தொங்கவிட்ட நாடு அது. ஜோக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கயிறு எனக்கு உறுத்தும்.

பேய் வீட்டுக்குள்ளேயே காமெடி வைத்தால்?

வீடு முழுக்க அந்தத் தொனியில் இருந்தால் நன்றாக வரும். ஆர்லாண்டோவில் 2018-இல் ‘ஸ்லாட்டர் சினிமா’ என்று ஒரு வீடு. இல்லாத மட்டரகப் படங்களைத் தாங்களே கற்பனை செய்து, ஒவ்வோர் அறையையும் ஒரு படமாக்கிக் கேலி செய்தார்கள். ரசிகர்கள் விடவில்லை, 2024-இல் இரண்டாம் பாகம் வந்தது. உள்ளே நுழையும்போதே இது நக்கல் என்று தெரிந்துவிடுவதால் யாரும் ஏமாறவில்லை.

கெடுவது, சீரியஸாகப் போகும் வீட்டில் திடீரென்று ஒரு ஆள் ஜோக் அடிக்கும்போது. மூன்று அறை கஷ்டப்பட்டுக் கட்டிய இருட்டு ஒரு வரியில் போய்விடும்.

இந்தத் தகராறுக்கு வயசும் ஆகிறது. டிஸ்னிலாண்டின் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடு 1969 ஆகஸ்டில் திறந்தது. அதை உருவாக்கும்போது கிளாட் கோட்ஸ் என்ற கலைஞர் அமானுஷ்யமான சூழல் வேண்டும் என்றார், மார்க் டேவிஸ் வேடிக்கை வேண்டும் என்றார். கடைசியில் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தார்கள். முதல் பாதியில் நீண்ட காலியான வராந்தா, தட்டும் கதவுகள், ஆளே தெரியாது. பின் பாதியில் பேய்கள் ஆடிப் பாடிக் கூத்தடிக்கும். கலந்து கட்டாமல் ஒன்றன் பின் ஒன்றாக வைத்ததுதான் அதன் வெற்றி என்பேன்.

ஸ்கேர் ஜோனில்?

வேண்டாம். அங்கே வேஷம் கட்டியவருக்கு உங்களோடு கிடைப்பது இரண்டு, மூன்று வினாடி. அதில் ஜோக்குக்கு நேரம் இல்லை. ஒரு விலக்கு: 2000-இல் ஆர்லாண்டோ அறிமுகம் செய்த ஜாக் என்ற கோமாளி. சிரித்துக்கொண்டே கொல்லும் ஆள், வாயும் நீளம். அவனுடைய ஜோக்குக்குச் சிரித்த பிறகுதான் பயம் வரும். அது எல்லா நடிகருக்கும் கைவராது.

ஷோ பார்க்கும் நேரத்தில் இன்னொரு பேய் வீடு பார்க்கலாமே?

கணக்கைப் போடுங்கள். கூட்ட நாளில் புகழ்பெற்ற ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும், உள்ளே நடப்பது சில நிமிடம். ஷோவில் கால் ஓய்கிறது, டிக்கெட்டிலேயே அடக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய அரங்கு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை உட்கார வைக்கிறது. அவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் எந்த வரிசையிலும் இல்லை. ஷோவே பிடிக்காதவரும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும், அவருடைய கியூவைக் குறைப்பதே அதுதான்.

ஆங்கில ஜோக் நமக்குப் புரியுமா?

அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் புரியும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் அப்பா, அம்மாவை அழைத்துப் போனால் பாதி போய்விடும். மொழியை விட, யாரைக் கேலி செய்கிறார்கள் என்பது தெரியாததுதான் பிரச்சினை. அவர்களுக்கு நடன ஷோதான் சரி, இந்த ஒரு விஷயத்தில் நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. மற்றபடி பேயும் காமெடியும் சேர்ந்து வருவது தமிழ் சினிமா பார்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டிய சங்கதியே இல்லை. பேய்ப்படத்தில் பாதி நேரம் சிரித்துவிட்டு வந்தாலும் நாம் தியேட்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

காமெடி என்றதும் குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிடாதீர்கள். ஹாரர் நைட்ஸ் 13 வயதுக்குக் கீழே உகந்ததில்லை என்று யூனிவர்சலே சொல்கிறது. பில் அண்ட் டெட்டில் கெட்ட வார்த்தையும் இரட்டை அர்த்தமும் தாராளம். ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் இருக்கும் புஷ் கார்டன்ஸ் பூங்காவில் பல வருடம் ஓடிய ‘ஃபீண்ட்ஸ்’ ஷோ ஒரு பைத்தியக்கார டாக்டரையும் அரைகுறை உடை நர்சுகளையும் வைத்து நடந்தது, குடும்பத்தோடு பார்த்தால் நெளிய வேண்டியிருக்கும். வீட்டில் சின்னவர்கள் இருந்தால் டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் 1995-இலிருந்து நடக்கும் ‘மிக்கிஸ் நாட்-சோ-ஸ்கேரி’ பார்ட்டிக்குப் போங்கள். கோட்டை முன்னால் மூன்று சூனியக்காரிகள் அடிக்கும் கூத்து அவர்களுக்குப் போதும்.

காமெடி ஷோ திரும்பி வந்தால் எப்படி இருக்க வேண்டும்?

பில்லும் டெட்டும்தான் வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்தப் பையன்களைத் தெரியாத ஒரு தலைமுறையே டிக்கெட் வாங்க வந்துவிட்டது. வேண்டியது எழுத்து. அந்த வருடத்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பூங்காவையே கிண்டல் செய்யத் தைரியம் வேண்டும், டிக்கெட் விலையிலிருந்தே தொடங்கலாம். நீளம் அரை மணிக்குள். சீசன் நடுவில் வரிகளை மாற்ற எழுத்தாளர்களுக்கு அனுமதி. பாடகர் மாதிரி வேஷம் போட்டு வந்து நின்றாலே ஜோக் ஆகிவிடும் என்ற நினைப்பு மட்டும் கூடாது. பழைய ஷோவிலும் சில வருடங்களில் பாதிக் காட்சிகள் அப்படித்தான் இருந்தன, ஏக்கத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

இந்த வருடம் காமெடி உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஷோக்கள் வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே பழைய வீடியோவை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம். பூங்காவின் இணையதளத்திலோ ஆப்பிலோ அந்த நிகழ்ச்சிக்கான ஷோ பட்டியல் இருக்கும். விவரத்தில் நெருப்பு, நடனம், மாயாஜாலம் என்றிருந்தால் காமெடியை எதிர்பார்க்காதீர்கள். நையாண்டி என்று வெளிப்படையாகப் போட்டிருந்தால், கூட்டம் பேய் வீடுகளில் மொய்க்கும் நேரத்து ஷோவாகப் பார்த்து அரை மணி முன்னதாகப் போய் உட்காருங்கள்.